பந்தயத் தடத்தில் முதல் நாள்: பிரேக்கில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: அன்றாடம் ஓட்டும் காரையே முதன்முறையாகப் பந்தயத் தடத்தில் ஓட்டவிருக்கிறேன். பெரிய டிஸ்க்குகளும் பந்தயப் பேடுகளும் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பிரேக்கின் மற்ற பாகங்கள் நல்ல நிலையில் இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது, பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஆயில்தான். விலை குறைந்த வேலை என்பதாலேயோ என்னவோ, பலரும் இதைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள்.

வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. சாலையைப் போலன்றி, தடத்தில் அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு, அந்தப் பேடைத் தள்ளும் காலிப்பர் ஆகியவற்றின் வழியாக அந்த வெப்பம் ஆயிலைச் சென்றடைகிறது. ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் (DOT) 4 என்ற தர வகை ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் 155 டிகிரி. கொதித்த ஆயிலில் உண்டாகும் ஆவி, அழுத்தினால் சுருங்கிவிடுவதால், பெடல் தரைவரை இறங்கியும் கார் நிற்காது. ஆகவே, அப்போதுதான் திறந்த டப்பாவிலிருந்து புதிய ஆயிலை ஊற்றி, பழையது முழுவதும் வெளியேறும்வரை நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்க, அதாவது குழாய்களில் சிக்கிய காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றச் சொல்லுங்கள். உங்கள் கார் டாட் 4 ஏற்பதாக இருந்தால், 260 டிகிரி தாங்கும் டாட் 5.1 பொதுவாக அதற்கும் பொருந்தும். பெயர் ஒத்திருக்கிறதே என்று சிலிக்கோனாலான டாட் 5-ஐ ஊற்றிவிடக் கூடாது.

பேடுகளில் பாதித் தடிமனுக்கு மேல் மிச்சமிருக்க வேண்டும். மெலிந்த பேடு வெப்பத்தை விரைவாக உள்ளே கடத்தும். முழுப் பந்தயப் பேடுகள் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காதவை என்பதால், அதே காரில் வீடு திரும்பப்போகிறவருக்கு நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. கார் கனமானது என்றால், சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான, கூடுதல் வெப்பம் தாங்கும் பேடுகள் போதும். புதிய பேடுகளை, தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி முன்கூட்டியே பலமுறை பிரேக் பிடித்து டிஸ்க்கில் பழக்கிவிடுங்கள்.

டிஸ்க்கில் விரிசல் இருக்கிறதா, அதிலேயே பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருக்கிறதா, காலிப்பர் பின்கள் தடையின்றி நகர்கின்றனவா, ஆயில் செல்லும் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு விழுந்துள்ளதா என்பதையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

தடத்தில் பிரேக்கை நெடுநேரம் மெதுவாக மிதித்துக்கொண்டே போகாமல், நேர்ப்பாதையிலேயே அழுத்தமாக மிதித்து விட்டுவிடுங்கள். சில சுற்றுகளுக்குப் பின் ஒரு சுற்றை, பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, சூட்டைத் தணித்துவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போட வேண்டாம். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேடு அளவுமீறிச் சூடேறியிருக்கிறது. ஆறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது. ஆறியபின் பெடல் பழையபடி ஆனதுபோல் தோன்றினாலும், மீண்டும் ஏர் எடுக்காமல் தடத்துக்கும் போகாதீர்கள், வீட்டுக்கும் ஓட்டாதீர்கள்.