பயிற்சி அடியை நம்பாதீர்கள், மட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

வணக்கம். டேபிள் டென்னிஸ் போட்டியில், பயிற்சி அடிகளில் தடுமாறிய பெரியவர் ஒருவரிடம் முதல் சுற்றிலேயே நேர் செட்டுகளில் தோற்றதாகவும், எதிராளியின் தரத்தை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆட்டத்துக்கு முன் கிடைக்கும் 2 நிமிடப் பயிற்சியில் இருவரும் குறுக்குவாட்டில் சீராக அடித்துக்கொள்வதால், அது கைப்பழக்கத்தைக் காட்டுமே தவிர ஆட்டத்திறனைக் காட்டாது. எதிராளியின் மட்டையை வாங்கிப் பார்க்க விதியே உரிமை அளிக்கிறது. பலரும் கூச்சத்தால் கேட்பதில்லை. ஒரு பக்க ரப்பரில் நீண்ட, மெல்லிய முளைகள் இருந்தால், முன்னோக்கிச் சுழலும் உங்கள் டாப்ஸ்பின், அவர் தடுத்ததும் பின்னோக்கிச் சுழலும் பேக்ஸ்பின்னாகத் திரும்பும். அதை வழக்கம்போல் அடித்தால் பந்து வலையில்தான் விழும். உங்களை வீழ்த்தியதும் அதுவாகவே இருக்கலாம்.

மட்டை என்ன சொன்னாலும், நான் நம்புவது முதல் சில புள்ளிகளைத்தான். உங்கள் முதல் 2 சர்வீஸ்களில் ஒன்றைக் குட்டையான பேக்ஸ்பின்னாகவும், மற்றதை அதே கையசைவில் சுழற்சியே இல்லாமலும் போடுங்கள். இரண்டாவதை உயரத் தூக்கிவிடுபவர், எவ்வளவு பலமாக அடிப்பவராயினும், பெரும்பாலும் சுழற்சியைப் படிக்கத் தெரியாதவர்; இரண்டையும் வலையை ஒட்டித் தாழ்வாகத் திருப்பிவைப்பவரிடம் எச்சரிக்கை தேவை. கால்களையும் கவனியுங்கள்: பந்தை அடித்த மறுகணமே அடுத்த அடிக்கான நிலைக்குத் திரும்பிவிடுபவர், தொந்தியே இருந்தாலும், முறையாகக் கற்றவர்.