குக்கர் விசில் இடைஞ்சலா இருந்துச்சா தம்பி?

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். திருப்பூர் பக்கத்துல ஒரு பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கேன். மூணு வருஷமா எங்க வீட்டு ஹால்ல சின்னதா ஒரு சபை நடத்துறேன். நாலு பேரோட ஆரம்பிச்சது, இப்ப 25 பேர். எல்லாம் வேலைக்காக வெளியூர்லேருந்து வந்த குடும்பங்க, நிறைய பேர் புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்க. ஆனா நிலைச்சு நிக்க மாட்டேங்கறாங்க, ஒரு வாரம் வந்தா ரெண்டு வாரம் காணோம். போன மாசம் ரெண்டு குடும்பம் பக்கத்துல இருக்கற பெரிய சபைக்குப் போயிட்டாங்க. அதுல ஒரு வீட்டுக் கைக்குழந்தை ஆஸ்பத்திரில கிடந்தப்ப ராத்திரி பூரா கூட இருந்து ஜெபிச்சவன் நான். ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் மதிய சாப்பாடு எங்க வீட்லதான், மனைவி விடியக்காலைலயே ஆரம்பிச்சுடுவா, குக்கர் விசில் பிரசங்கத்துக்கு இடைஞ்சலா இருந்ததால பின்னாடி தகர ஷெட்ல விறகு அடுப்பு போட்டுக் குடுத்துட்டேன், இதுவரைக்கும் ஒரு வார்த்தை முறுமுறுத்ததில்ல. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்"னு பவுல் எழுதின வசனம் இருக்கே, அந்த விளைச்சல் எப்ப அக்கா வரும்? எனக்குப் பொறுமை போயிட்டிருக்கு.

பதில்: தம்பி, இந்த மாதிரி லெட்டர் எனக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு, ஊர் பேர் மாறும், ஆள் கணக்கு மாறும், கடைசில கேக்கறது எல்லாம் ஒண்ணுதான். ஆள் கணக்கைப் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு விட்டுடறேன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடில வந்து இறங்கினது 1706 ஜூலை, அடுத்த வருஷம் மே மாசம் ஞானஸ்நானம் எடுத்தது அஞ்சே பேர், ஆரோன்ங்கற முதல் தமிழ் புராட்டஸ்டண்ட் குருவுக்கு அபிஷேகம் நடந்தது 1733ல, அப்ப சீகன்பால்கு செத்து 14 வருஷம் ஆச்சு. உங்களுக்கு மூணு வருஷத்துல 25 பேர். இதுக்கு மேல இந்தப் பேச்சு வேண்டாம்.

எனக்குக் கேக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. அந்த 25ல உங்க மனைவி இருக்காங்களா?

நீங்க போற போக்குல ஒரு வரில எழுதிட்டுப் போயிட்டீங்க, எனக்கு அங்கேருந்து நகர முடியல. குக்கர் விசில் இடைஞ்சலாம். அதுக்கு அவங்களைத் தகர ஷெட்டுக்கு அனுப்பியாச்சாம். 25 பேருக்குன்னா குறைஞ்சது மூணு கிலோ அரிசி, அது போக குழம்பு, பொரியல், ரசம், எல்லாம் விறகு அடுப்புல, ஏப்ரல் மே மாசம் தகரக் கூரைக்குக் கீழ நின்னு ஒரு நாள் நீங்க அடுப்பு ஊதியிருக்கீங்களா? ஹால்ல ஃபேனுக்குக் கீழ கிருபையைப் பத்திப் பேசிட்டிருப்பீங்க, பத்தடி தள்ளி ஒரு பொம்பளை முந்தானைல கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிப்பா. அவங்க கடைசியா எப்ப உக்காந்து ஒரு முழு பிரசங்கம் கேட்டாங்க? திருவிருந்து அன்னிக்கு அப்பமும் திராட்சரசமும் ஷெட்டுக்கு யார் கொண்டு போறா? இதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கும்னு எனக்குத் தோணல.

முறுமுறுத்ததில்லன்னு பெருமையா வேற எழுதியிருக்கீங்க. எருசலேம் சபையிலயே முறுமுறுப்பு வந்துச்சு தம்பி, அப்போஸ்தலர் 6 எடுத்துப் பாருங்க, அன்றாட சாப்பாட்டு விஷயத்துல தங்க விதவைகளைக் கவனிக்கலன்னு கிரேக்கம் பேசற யூதர்கள் குறை சொன்னாங்க. அப்போஸ்தலர்கள் அவங்களை அதட்டி அடக்கல, விசுவாசத்துல குறைஞ்சவங்கன்னு சொல்லல, எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு, நல்ல சாட்சி உள்ள ஏழு பேரை அந்தப் பந்தி வேலைக்குன்னே தெரிஞ்செடுக்கச் சொன்னாங்க. ஸ்தேவான், பிலிப்பு எல்லாம் அந்த ஏழு பேர்ல வர்றவங்கதான், ஏழு பேரும் ஆம்பளைங்க. முறுமுறுக்க முடிஞ்ச சபை அது, அதனால சரியாச்சு. உங்க வீட்ல அவங்க வாயே திறக்கலன்னா, திறந்து பிரயோஜனமில்லன்னு முடிவு பண்ணி ரொம்ப நாள் ஆச்சுன்னுதான் நான் நினைக்கறேன்.

அப்பொல்லோ வசனம் எழுதியிருக்கீங்களே, அந்த அப்பொல்லோவுக்கு யார் சொல்லிக் குடுத்தான்னு யோசிச்சீங்களா? அலெக்சந்திரியாலேருந்து எபேசுவுக்கு வந்தவர், நல்ல பேச்சாளர், வேதத்துல வல்லவர், ஆனா யோவானோட ஞானஸ்நானத்துக்கு மேல ஒண்ணும் தெரியாது. அவரைத் தங்ககிட்ட சேத்துக்கிட்டு தேவனோட மார்க்கத்தை இன்னும் திட்டமா விளக்கினது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். உங்களை மாதிரியே வேலை பாத்துச் சம்பாதிச்சுக்கிட்டு வீட்ல சபை கூட்டினவங்க, கூடாரம் தைக்கற தொழில், பவுலே கொரிந்துல அவங்க கூட தங்கி தச்சவர்தான். ரோமருக்கு எழுதறப்ப பவுல் அந்தம்மா பேரைத்தான் முதல்ல சொல்றார். உங்க சபைக்கு ஒரு அப்பொல்லோ வந்தா உங்க மனைவி அவருக்கு என்ன குடுப்பாங்க? சாம்பார் குடுப்பாங்க. வேற எதுக்கும் நீங்க இடம் வெக்கலையே.

இன்னும் ஒண்ணு சொல்றேன், இது கொஞ்சம் கசக்கும். இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரியை எல்லா மிஷனரி கூட்டத்துலயும் பொறுமைக்கு உதாரணமா காட்டுவாங்க, 1793ல வங்காளத்துக்கு வந்து ஏழு வருஷம் காத்திருந்து 1800 டிசம்பர் கடைசில கிருஷ்ண பால்ங்கற தச்சருக்கு ஞானஸ்நானம் குடுத்தார்னு. நான் சின்ன வயசுலேருந்து கேட்ட கதை இது. அவர் மனைவி டாரத்தி கதையை யாரும் மேடைல சொல்ல மாட்டாங்க. வர மாட்டேன்னுதான் முதல்ல சொன்னாங்க அந்தம்மா, வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தாங்க, கப்பல் ஏறும்போது கைல பச்சக் குழந்தை, பிறந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். வந்த மறு வருஷமே பீட்டர்னு அஞ்சு வயசுப் பையன் செத்துப் போனான், அதோட மனசு உடைஞ்சுது, கடைசில ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டற நிலைமை, 1807ல இறந்துட்டாங்க. பக்கத்து ரூம்ல அவங்க சத்தம் கேட்டுக்கிட்டிருக்க, இந்தப் பக்கம் அவர் வேதாகமத்தை மொழிபெயர்த்துட்டு இருந்தார். கவனிக்க ஆளில்லாம தறிகெட்டுத் திரிஞ்ச பசங்களை கேரி கூட ஊழியம் பண்ணின மார்ஷ்மனோட மனைவி ஹன்னாதான் எடுத்து நிறுத்தினாங்க. கேரி செஞ்ச வேலையை நான் குறைச்சு சொல்லல, ஆனா அந்த விளைச்சலுக்கு யார் விலை குடுத்தாங்கன்னு ஊழியம்னு கிளம்பற ஒவ்வொரு ஆம்பளைக்கும் தெரியணும். தாலி கட்டறப்ப கர்த்தர் சமூகத்துல வாக்கு குடுத்தீங்க, அது சபை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குடுத்த வாக்கு. சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் தேவனோட சபையை எப்படி விசாரிப்பான்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது ஊழியக்காரங்களுக்குத்தான், உங்களுக்கும் எனக்கும் தெரியாத வசனமில்ல.

பொறுமை போயிட்டிருக்குன்னு சொல்றீங்க. மூணு வருஷமா பொறுத்துக்கிட்டது அவங்க! கொரிந்து சபைல ஒருத்தன் பசியா உக்காந்திருக்க இன்னொருத்தன் குடிச்சு வெறில கிடந்தான், அதுக்குப் பவுல் சொன்ன பரிகாரம் ரொம்ப சாதாரணம், சாப்பிடக் கூடி வரும்போது ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்கன்னார். உங்க வீட்ல பந்தி ஆரம்பிக்கறப்ப அடுப்புக்கிட்ட நிக்கறவங்களுக்காக யாராவது இலையைத் தொடாம இருந்திருக்காங்களா? புதுசா விசுவாசத்துக்கு வந்த ஆம்பளைங்க இதைப் பாத்துத்தான் கிறிஸ்தவக் குடும்பம்னா என்னன்னு கத்துக்கறாங்க, அவங்க பொண்டாட்டிகளும் பாத்துட்டுதான் இருக்காங்க.

வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து ஒரு மாசத்துக்கு சாப்பாடு கிடையாதுன்னு சொல்லிடுங்க. டீயும் பன்னும் போதும், கடைல வாங்குங்க. அதுக்காக வராம போறவங்க போகட்டும். அப்புறமா சாப்பாடு வேணும்னா ஆளுக்கு ஒரு டிபன் கேரியர் கொண்டு வரட்டும், இல்ல ரெண்டு ரெண்டு வீடா முறை வெச்சு செய்யட்டும், பாத்திரம் கழுவறது ஆம்பளைங்க, முதல் ஆள் நீங்க. ஷெட்டைப் பிரிச்சுடுங்க. குக்கர் உள்ளயே இருக்கட்டும், விசில் வந்தா ஒரு நிமிஷம் நிறுத்திட்டுப் பேசுங்க, வசனம் எங்கயும் ஓடிடாது. மனைவிகிட்ட மன்னிப்பு கேளுங்க, ஆனா சபைக்கு முன்னாடி சாட்சி சொல்ற மாதிரி மட்டும் கேக்காதீங்க, அதுவும் உங்க பிரசங்கமா போயிடும். வீட்ல, தனியா, வேற யாரும் இல்லாதப்ப கேளுங்க. அவங்க உடனே சரின்னு சொல்லலன்னா விடுங்க, அவங்க எவ்வளவு நாள் எடுத்துக்கறாங்களோ எடுத்துக்கட்டும்.

போன ரெண்டு குடும்பத்தைப் பத்திக் கேட்டிருந்தீங்க. ராத்திரி பூரா ஜெபிச்சேன்னு எழுதியிருக்கீங்க, அது கடனா குடுத்ததா, வட்டியோட திரும்பி வரணுமா? கர்த்தருக்குன்னு செஞ்சதை அங்கயே விட்டுடுங்க. அவங்க கம்பெனி வாசல்லயோ மளிகைக் கடைலயோ எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பாம நின்னு பேசுங்க, குழந்தை இப்ப நல்லா பால் குடிக்குதா, எடை கூடுச்சான்னு கேளுங்க. எப்ப திரும்ப வர்றீங்கன்னு மட்டும் கேக்காதீங்க.