மன்றப் பிள்ளைகளுக்குப் புயல் விளையாட்டு: எதை ஆடலாம், எதை விடலாம்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். 13 முதல் 17 வயது வரை இருபத்தைந்து பிள்ளைகள். புயலில் எல்லாவற்றையும் இழந்தவர்களின் நிலை இவர்களுக்குப் புரிய வேண்டும். விளக்கை அணைத்து, ஸ்பீக்கரில் புயல் சத்தம் போட்டு, தண்ணீர் தெளித்து ஒரு விளையாட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இருட்டும் இடிச்சத்தமும் பொருட்காட்சிப் பேய்வீடு மாதிரி ஆகிவிடும். கத்துவார்கள், சிரிப்பார்கள், முடிந்தது. அதோடு, கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவோ சித்தப்பாவோ உங்கள் கரையில் பல வீடுகளில் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை அந்த இருட்டில் என்ன பாடுபடும் என்று வெளியிலிருந்து தெரியாது.

புயல் ஓர் இரவில் போய்விடும். அதற்குப் பிறகு முகாமில் கழியும் நாட்களில்தான் மனிதர்கள் நொந்துபோகிறார்கள். அந்த நாட்களை ஆட வையுங்கள்.

முதலில் சாக்பீஸ் ஆட்டம். நிவாரண முகாம்களுக்கு உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் நெறிகள், ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம், நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் என்கின்றன. ஐந்து பேரை ஒரு குடும்பமாக்கி, 3.5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அரைமணி நேரம் அதற்குள் உட்கார வையுங்கள். ஆளுக்கு 15 சிப்பி கொடுங்கள், ஒரு சிப்பி ஒரு லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எப்படிப் பிரிப்பார்கள்? நடுவில் ஒரு சீட்டு: 'பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு.' வயதுக்கு வந்த பெண் எங்கே உடை மாற்றுவாள் என்ற கேள்வி பெரும்பாலும் பெண் பிள்ளைகளிடமிருந்துதான் வரும். வராவிட்டால் நீங்கள் கேளுங்கள். நம்மூரில் பள்ளி வகுப்பறைதானே முகாம்? 6 மீட்டருக்கு 8 மீட்டர் அறையில் ஐந்து குடும்பம் தங்கினால் ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர்கூட வராது. கணக்கை அவர்களே போடட்டும்.

அடுத்தது நிவாரண வரிசை. என் அனுபவத்தில் மனதை அதிகம் அசைப்பது இதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு: ரேஷன் கார்டு வெள்ளத்தில் போனவர், காது கேளாத பாட்டி, மீன்பிடி வல்லம் (படகு) உடைந்தவர், நேற்றுவரை கடை வைத்து நாலு பேருக்குக் கடன் கொடுத்தவர். மேசைக்குப் பின்னால் ஒருவர் அரிசி கொடுக்கிறார்; 'கார்டு எங்கே?' என்பதைத் தவிர வேறொன்றும் பேசக்கூடாது. இன்னும் இருவர் உதவ வந்த வெளியூர்க்காரர்கள். ஒருவர் வரிசையில் இருக்கும் எல்லோரிடமும் 'என்ன நடந்தது, சொல்லுங்க' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். மற்றவர் அரிசிப் பையைப் பிடித்துச் சிரிக்கச் சொல்லி செல்போனில் படம் எடுக்கிறார். பத்து நிமிடத்தில் யாராவது எரிந்து விழுவார்கள். அங்கே நிறுத்துங்கள். கோபம் எப்போது வந்தது, அரிசி தாமதமானபோதா, படம் எடுத்தபோதா? அப்புறம் சீட்டை மாற்றி, அதே வரிசையை மரியாதையாக எப்படி நடத்துவது என்று அவர்களே திட்டம் போட்டு மறுபடி ஆடட்டும். எடுத்த படங்களை அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

கேட்கும் பயிற்சியும் வைக்கலாம், சின்னதுதான்: இருவராக உட்கார்ந்து ஒருவர் இரண்டு நிமிடம் பேச, மற்றவர் 'கவலைப்படாதே', 'எனக்கும் இப்படித்தான்' இரண்டையும் சொல்லாமல் கேட்க வேண்டும். பேசுவது தொலைந்த சைக்கிள் பற்றியே இருக்கட்டும்.

தனுஷ்கோடிப் பெரியவர்களை அழைக்க நினைத்தால் நல்லதே. அந்த ஊரைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவு பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ரயில் கடலில் போன கதையை வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டுச் சலித்திருப்பார்கள். எங்கே தங்கினீர்கள், யார் சோறு போட்டார்கள், பள்ளிக்கூடம் மறுபடி எப்போது போனீர்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். கேள்விகளை முன்கூட்டியே அவரிடம் காட்டிவிடுங்கள். வேண்டாததை அவரே அடித்துவிடலாம்.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே விதி: 'பாஸ்' என்று சொல்லி யாரும் காரணம் கூறாமல் வெளியே வரலாம். வந்தவர் பக்கத்தில் ஒரு பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், விசாரிக்கக்கூடாது. சொந்த வீட்டுக் கதையை யாருக்கும் வேடமாகக் கொடுக்காதீர்கள். ஆட்டம் ஓடிய அளவுக்குப் பேசவும் நேரம் விடுங்கள். ஒரு மாலைக்கு ஒரு ஆட்டம் போதும். அடுத்த வாரமும் ஒரு பிள்ளை ஒதுங்கியே இருந்தால் வீட்டில் பேசுங்கள். தேவைப்பட்டால் மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசி சேவை டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இலவசம்.