அண்ணன் மாடியை மட்டும் விற்கலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டில் அப்பா 1986-இல் கட்டிய வீடு. பிற்பாடு மூன்று போர்ஷனாகத் தடுத்து, தனித்தனி மீட்டரும் வாங்கினார். கீழே அம்மாவும் தம்பியும், முதல் மாடியில் அண்ணன், அதற்கு மேலே லீஸுக்கு ஒரு குடும்பம். அப்பா 2017-இல் உயில் எழுதாமல் காலமானார். இப்போது அண்ணன் தன் மாடியை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டு, "ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடு" என்கிறார். போடலாமா?
- ஒரு வாசகி

பதில்: போடாதீர்கள் சகோதரி. அண்ணன்மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அவரிடம் விற்பதற்கு இன்னும் மாடியே இல்லை.

அப்பா சுவர் எழுப்பிப் பிரித்தது நீங்கள் குடியிருக்க வசதியாகத்தான். பத்திரத்தில் இன்றைக்கும் அது ஒரே மனை, ஒரே வீடு. மின் கட்டண அட்டையும் வீட்டுவரி ரசீதும் அண்ணன் பெயரில் இருந்தாலும் அவை உரிமைப் பத்திரம் ஆகாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி நால்வருக்கும் கால் பங்கு. அப்பா இறந்தபோது அவருடைய அம்மா, அதாவது உங்கள் பாட்டி, இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அம்மாவின் பங்கைப் பல வீடுகளில் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்களுக்குக் கல்யாணத்தில் போட்ட நகையும் இந்தப் பங்கைக் குறைக்காது.

அண்ணன் தன் கால் பங்கை வெளியாளுக்கு விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் குடும்ப வீட்டில் அப்படிப் பங்கு வாங்கியவர் உங்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமையைக் கோர முடியாது என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு. பாகம் கேட்டு அவர் வழக்குப் போட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கை நீங்களே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். விவரம் தெரிந்த யாரும் இதற்கு நல்ல விலை தர மாட்டார்கள். வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது.

சரி, அண்ணனுக்குப் பணம் தேவை. நீங்களும் தம்பியும் புரட்ட முடிந்தால் அவர் பங்குக்கு விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதி வாங்குங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. வெளியாள் கிரயம் வாங்கினால் தீர்வை 7, கட்டணம் 2, ஆக 9 சதவீதம்.

அது முடியாவிட்டால், நால்வரும் கையெழுத்திட்டு முழு வீட்டையும் ஒருவருக்கே விற்பதுதான் என் அபிப்பிராயம். ஒரு கிரவுண்டை முழுதாக வாங்குபவர் இடித்துக் கட்டலாம். ஒரு மாடி கைமாறிவிட்டால் பிறகு எதற்கும் அதை வாங்கியவரின் சம்மதம் வேண்டும்.

மாடி மாடியாகத்தான் விற்பது என்றால், முதலில் பாகப்பிரிவினையைப் பதிவு செய்யுங்கள். அதில் ஒவ்வொரு தளத்துக்கும் பிரிபடாத நிலப் பங்கை, அதாவது யு.டி.எஸ்.ஸை, எழுத வேண்டும். கீழே 1,200, முதல் மாடி 1,200, மேலே 600 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 2,400 சதுர அடி மனையில் முறையே 960, 960, 480 வரும்.

அப்புறம் மொட்டை மாடி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதை எழுதாமல் விட்டார்கள். மேல் வீட்டை வாங்கியவர் படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். தண்ணீர்த் தொட்டியின் வால்வு உள்ளே. கீழ் வீட்டு அம்மாள் எழுபது வயதில் தெருக் குழாயிலிருந்து குடம் சுமந்ததை நான் பார்த்தேன். மொட்டை மாடி, படிக்கட்டு, போர், கார் நிறுத்தும் இடம் ஒவ்வொன்றும் யாருக்கு, எது பொது என்று பத்திரத்திலேயே இருக்கட்டும்.

லீஸ் தொகையை யார் திருப்புவது என்பதையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வாங்கிய அட்வான்ஸை அண்ணன் இப்போதே திருப்பிவிட்டால் வழக்கைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு.

அம்மா எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. அண்ணனிடம் பேசப் போகும் முன் அவரிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.