ஐயா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பொது வீட்டின் இரண்டாங்கட்டுப் பெட்டகத்தில், ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கி இருக்கிறது. துரை ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்பார்கள். நான்தான் எண்ணெய் போட்டுத் துடைத்துக் காத்து வருகிறேன். அதற்குத் துணையாகச் சென்ற ஆண்டு வியாபாரி ஒருவரிடம் .303 துப்பாக்கி ஒன்றும் வாங்கினேன். இதுவரை வீட்டை எட்டிப் பார்க்காத பங்காளி, பாதி உரிமை தராவிட்டால் போலீசுக்குப் போவதாக மிரட்டுகிறார். அவர்மீது வழக்குப் போடலாமா?

பதில்: துரையையும் பங்காளியின் குணத்தையும் ஒதுக்கி வையுங்கள். துப்பாக்கி யாருக்குச் சொந்தம் என்பது உரிமையியல் நீதிமன்றத்தின் கேள்வி. அது யார் வசம் இருந்தது என்பதே குற்றவியல் நீதிமன்றத்தின் கேள்வி. எண்ணெய் போட்டவர் நீங்கள் என்று நீங்களே எழுதியிருப்பதால், பெட்டகத்தில் இருந்தது தெரியாது என்று இனி வாதாட இடமில்லை.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45-ஆவது பிரிவில், பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு அளிப்பதைப் பாதி படித்துவிட்டு நிம்மதியாக உறங்கியவர்கள் பலர். பழுது பார்த்தாலும்கூடச் சுடப் பயன்படாததாக அது இருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. தோட்டா கிடைப்பது அரிது என்பது வேறு, துப்பாக்கி சுடாது என்பது வேறு. நீங்கள் காத்த அழகில், நெம்புகோலை இழுத்தால் அது இன்றும் தடையின்றித் திறந்து மூடும் என்றே நினைக்கிறேன். அதற்காகப் பட்டறையில் கொடுத்துக் குழலை அடைத்துவிடாதீர்கள்; உரிமமின்றித் துப்பாக்கியில் கைவைப்பது தனிக் குற்றமாகும்.

.303-தான் எனக்குக் கவலை தருகிறது. ராணுவத் தோட்டாவை ஏற்கும் அந்த ரகம் தடை செய்யப்பட்டது. சுடும் நிலையில் இருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தண்டனை 7 முதல் 14 ஆண்டுகள் வரை. உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கிக்கு அது 2 முதல் 5 ஆண்டுகள். முன்பு உரிமத்தோடு இருந்து பின்னர் சட்டவிரோதமான ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க 21-ஆவது பிரிவு வழி விடுகிறது. ஆகவே ஐயாவின் பழைய உரிமப் புத்தகத்தைக் கணக்குப் பெட்டியில் தேடுங்கள். விலைக்கு வாங்கிய துப்பாக்கிக்கு அந்த நிழல் கிடையாது.

மிரட்டியதாகப் புகார் கொடுத்தால் போலீசார் முதலில் திறப்பது உங்கள் பெட்டகத்தைத்தான். வழக்கை விட்டுவிட்டு, பங்காளி கேட்கும் தேக்குப் பெட்டிகளையோ வெண்கலப் பாத்திரங்களையோ கொடுத்துச் சமாதானமாகப் போங்கள். ஆனால் துப்பாக்கியைப் பங்குப் பட்டியலில் சேர்க்காதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் பாகப்பிரிவினைத் தாளில் ‘துப்பாக்கி 1, மூத்தவருக்கு’ என்று எழுதி ஐந்து பேர் கையெழுத்திட வைத்தார். அந்தத் தாளே அரசுத் தரப்பின் முதல் ஆவணமாயிற்று.

ஒப்படைப்பதற்கு முன், முன்ஜாமீன் தேவையா என்று பார்க்க, குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே அமர்த்துங்கள். அவர் காவல் நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும் வரை இரண்டும் இருக்குமிடத்திலேயே இருக்கட்டும். நீங்களே காரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டாம்.