வழிகாட்டியின் தலையில் மட்டும் கட்டலாமா?

கேள்வி: மலையேற்றம், ஓடை இறக்கம் என்று போன இடத்தில் உயிர் போனால், உடனே கூடப் போன வழிகாட்டியைப் பிடிக்கிறார்கள். ஆபத்து என்று தெரிந்து, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தானே போகிறார்கள்? பிறகு அவரை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? (ஈரோட்டு வாசகர்)

பதில்: கையெழுத்துக் கதைக்கு அப்புறம் வருகிறேன். 1999 ஜூலை 27 அன்று, சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸெட்பாக் என்ற ஓடைக்குள் ஒரு கூட்டம் இறங்கியது. மலை இடுக்கில் தண்ணீரோடு சறுக்கியும் குதித்தும் இறங்கும் கேன்யனிங் விளையாட்டு. மேலே மலையில் இடியோடு மழை கொட்ட, ஓடை திடீரென்று பெருகி 21 பேரை வாரிக்கொண்டு போனது. 18 பேர் சுற்றுலா வந்தவர்கள், பெரும்பாலும் ஆஸ்திரேலிய இளைஞர்கள். மற்ற மூவரும் வழிகாட்டிகள். (ஆபத்து என்றால் வழிகாட்டி முதலில் ஓடிவிடுவார் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.)

2001 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. எட்டுப் பேர் மீது வழக்கு. பயணத்தை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர்கள் உட்பட ஆறு பேர், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள். இரண்டு வழிகாட்டிகளுக்கு விடுதலை. தண்டனை என்னவோ நிறுத்திவைத்த சில மாதச் சிறையும் அபராதமும்தான். படிக்கும்போது எனக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் பிடிக்க வேண்டிய ஆளைப் பிடித்தார்கள்.

அதனால் வழிகாட்டி என்றாலே அப்பாவி என்று நான் சொல்லவில்லை. பிணத்தை எண்ணிவிட்டு அவரை எடைபோடாதீர்கள். இறங்குவதற்கு முன் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, வானத்தைப் படிக்க யாராவது கற்றுக்கொடுத்தார்களா, 'இன்று வேண்டாம்' என்று சொன்னால் வேலை நிலைக்குமா? இதைக் கேளுங்கள். தெரிந்தும், நிறுத்தும் அதிகாரம் கையில் இருந்தும், கூட்டிப்போனார் என்றால் தாராளமாகக் கூண்டில் ஏற்றுங்கள். சுவிஸ்காரர்களும் 2014 முதல் இத்தகைய தொழிலுக்கு அனுமதியும் காப்பீடும் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, கையெழுத்து. வழுக்கி விழுந்து கால் முறியலாம் என்பதற்கு நான் ஒப்புக்கொள்ளலாம். மழை வரும் நாளில் என்னை ஓடையில் இறக்குவதற்கு ஒப்புக்கொண்டேனா? அந்தத் தாள் நிறுவனத்துக்குக் குடை ஆகாது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. பாதி வழியில் வானம் கறுத்து, 'திரும்பிவிடலாம்' என்று வழிகாட்டி சொன்னால், கட்டிய பணத்தைக் கேட்டுச் சண்டை போடாமல் திரும்புவீர்களா?