வாகனங்களுக்கு நடுங்கும் நாய்: தூரம்தான் முதல் மருந்து

கேள்வி: எங்கள் பொம்மிக்கு இரண்டு வயது. நாட்டு நாய். ஓசூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். எட்டு மாதத்தில் அல்சூருக்குக் கூட்டி வந்தோம். வீட்டுக்குள் துறுதுறுவென்று இருப்பாள். கேட்டைத் திறந்தால் வாலை இடுக்கிக்கொண்டு தரையோடு ஒட்டிவிடுகிறாள். போன வாரம் ஒரு பஸ் பிரேக் பிடித்து ‘புஸ்ஸ்’ என்று காற்றை விட்டதும், கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். நல்லவேளை, வீட்டுக்கே ஓடினாள். தினமும் அரை மணி நேரம் சி.எம்.எச். ரோட்டில் நிறுத்தி வைத்தால் பழகிவிடும் என்கிறார் என் கணவர். செய்யலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தயவுசெய்து வேண்டாம். தப்பிக்க வழியில்லாமல் நிறுத்தினால் சில நாய்கள் கொஞ்ச நேரத்தில் ஆடாமல் அசையாமல் நின்றுவிடும். பழகிவிட்டது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் பயத்தில் உறைந்து நிற்கிறது. அடுத்த நாள் கேட்டுக்கே வராது. குட்டி பிறந்த 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரை எதைப் பார்த்து வளர்கிறதோ அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். அந்த வயதில் பொம்மி பார்த்தது தோட்டம். இதில் அவள் தப்பு எதுவும் இல்லை.

முதலில் பட்டை. நாட்டு நாய்க்குத் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே அகலம். பின்னால் இழுத்தால் பட்டை கழன்றுவிடும். நெஞ்சில் ‘ஒய்’ வடிவில் வரும் ஹார்னெஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் வார்) வாங்குங்கள். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கி, அதையும் கழுத்துப்பட்டையையும் சேர்த்து ஒரே கயிற்றில் மாட்டுங்கள். கயிறு 2 மீட்டர் போதும். தானாகச் சுருளும் கயிறு மட்டும் ஆகாது. கைதவறி விழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் கைப்பிடி தடதடவென்று பின்னாலேயே உருண்டு வரும். நாய் அதற்குப் பயந்து இன்னும் வேகமாக ஓடும்.

ஒரு வாரம் தெருவுக்கே போக வேண்டாம். சிறுநீர், மலம் கழிக்க மொட்டை மாடியில் ஒரு தட்டில் மண் போட்டுப் பழக்குங்கள்.

பிறகு அவளுக்கு ஏற்ற தூரத்தைக் கண்டுபிடியுங்கள். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வாகனம் தெரியும் இடத்தில் நின்று ஒரு துண்டைக் கொடுங்கள். உதட்டால் மெதுவாக எடுத்தால் தூரம் சரி. விரலில் பல் படும்படி வெடுக்கென்று பிடுங்கினால் எல்லையில் இருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள். குளிர்ந்த காலையிலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குவது, கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது எல்லாமே பயத்தின் அடையாளம்.

அல்சூரின் பழைய தெருக்களில் தூரம் கிடைப்பதுதான் கஷ்டம். மாடியிலிருந்தே தொடங்கலாம். தெருவில் என்றால் காலை 5.30-க்கு, நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னால் நில்லுங்கள். பார்வை பாதி மறைந்தாலே பயம் இறங்கும்.

இனி வரிசை முக்கியம். ஆட்டோ கண்ணில் பட வேண்டும், அதன் பிறகுதான் கறி. ஆட்டோ போகும்வரை துண்டு துண்டாகக் கொடுங்கள், போனதும் நிறுத்துங்கள். கை முதலில் பைக்குள் போனால், ‘கறி வந்தால் ஆட்டோ வரும்’ என்று கற்றுக்கொண்டு கறியையே சந்தேகப்படுவாள். பலரும் தவறுவது இங்கேதான். ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம், வாரத்தில் நாலைந்து நாள். ஆட்டோவைப் பார்த்த கையோடு ‘எங்கே என் கறி?’ என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளா? அப்போது இரண்டு மூன்று மீட்டர் நெருங்கலாம். சைக்கிள், ஸ்கூட்டர், ஆட்டோ என்று போய், பஸ்ஸைக் கடைசியில் வையுங்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையுள்ள கீச்சொலிதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை. பிரேக்கின் கிறீச்சொலி அவளுக்கு நம்மைவிட அதிகம் உறைக்கும்.

திடீரென்று லாரி வந்துவிட்டால் உடனே திரும்பி நடந்துவிடுங்கள். தடவிக் கொடுக்கலாம், பேசலாம்; ஆறுதல் சொன்னால் பயம் வளராது. பெரிதாக மிரண்ட பிறகு இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுங்கள்.

வீட்டு மூலையில் இருக்கும்போதும் ஹாரன் சத்தத்துக்கு நடுங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மருந்து பலன் தர 4 முதல் 6 வாரம் ஆகும். பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். வெறும் மயக்க மாத்திரை உடம்பைத்தான் தளர்த்தும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

கேள்வி: ஒன்பது வயது லாப்ரடார். இத்தனை வருடம் ரோட்டில் ராஜா மாதிரி நடந்தவன், இரண்டு மாதமாக பைக் சத்தத்துக்குத் துள்ளுகிறான். இதே பயிற்சிதானா?
- வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: முதலில் இடுப்பு, முழங்கால், காது, கண் நான்கையும் பரிசோதியுங்கள். திடுக்கிடும்போது தசை இறுகும். மூட்டு வலி இருந்தால் அந்த நொடியில் சுரீர் என்று குத்தும். வலிக்குக் காரணம் பைக் சத்தம்தான் என்று அவன் முடிவுகட்டிவிடுவான். படி ஏறத் தயங்குகிறானா, படுத்து எழும்போது பின்னங்காலை இழுக்கிறானா என்று கவனித்து, செல்போனில் வீடியோ எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி அடங்கிய பிறகு பயிற்சியைத் தொடங்கலாம்.